லிஸ்பன் பழைய நகரில் எங்கே தங்குவது: அல்ஃபாமாவா, பைஷாவா, ஷியாடோவா, மொராரியாவா?

லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டதும் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, எந்தப் பகுதியில் அறை எடுப்பது என்பதுதான். சரியான கேள்வி. டேகஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நகரம் சின்னது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். செல்போன் வரைபடத்தில் பார்த்தால் எங்கே தங்கினாலும் ஒன்றுதான் என்று தோன்றும். வரைபடம் மேட்டையும் பள்ளத்தையும் காட்டாது. லிஸ்பனில் தூரத்தை உங்கள் முழங்கால்தான் அளக்கும்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை கணவரும் நானும் அல்ஃபாமாவில் ஐந்து இரவு தங்கினோம். இரண்டாம் முறை அறுபத்தெட்டு வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு பைஷாவில் தங்கினேன். ஷியாடோவிலும் மொராரியாவிலும் தங்கியதில்லை. ஆனால் இரண்டு பயணத்திலும் தினம் ஒருமுறையாவது அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை போகிறவர்கள் பைஷாவில் படுத்துக்கொண்டு, காலை வேளைகளை அல்ஃபாமாவுக்குக் கொடுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

இந்த நான்கு பகுதிகளும் ஏன் இவ்வளவு வேறுபட்டு இருக்கின்றன என்பதற்கு ஒரே ஒரு நாளைத் தெரிந்துகொண்டால் போதும். 1755 நவம்பர் 1. சகல புனிதர்களின் திருநாள். காலையில் மக்கள் கோவில்களில் கூடியிருந்த நேரத்தில் பெரும் பூகம்பம். வெட்டவெளி என்று நினைத்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. திருநாளுக்கு ஏற்றிவைத்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் சரிந்து பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்வாக இருந்த பைஷா தரைமட்டமானது. கோட்டைக் குன்றின் சரிவில் இருந்த அல்ஃபாமா பெரும்பாலும் தப்பித்தது. ஆக, அல்ஃபாமாவில் தங்குவது பூகம்பத்துக்கு முந்தைய ஊரில் தங்குவது. பைஷாவில் தங்குவது பூகம்பத்துக்குப் பின் கட்டிய ஊரில் தங்குவது. 2004-இல் நம் கடற்கரைகளில் என்ன நடந்தது என்று அறிந்தவர்களுக்கு அந்த ஆற்றங்கரையில் நிற்கும்போது மனம் கனக்காமல் இருக்காது.

முதலில் அல்ஃபாமா. பெயரே அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வெந்நீர் ஊற்றைக் குறிப்பது. 1147-இல் அஃபோன்சோ என்ரிக்கெஸ் மன்னர், அதுவரை ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து நகரைப் பிடித்தார். அதற்கு முந்தைய காலத்தின் நெளிவு சுளிவுகள் இந்தச் சந்துகளில் இன்றும் இருக்கின்றன. சில இடங்களில் இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு எதிரெதிரே போக முடியாது. படிக்கட்டுதான் தெரு, தெருதான் படிக்கட்டு. மாடிக்கு மாடி துணி காயும். கதவைத் திறந்துவைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள், ஜின்ஜா என்னும் செர்ரிப்பழ மதுவைச் சின்னக் கோப்பையில் ஊற்றி விற்பார்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் சான்டா லூசியா மேடையிலிருந்தோ, பக்கத்திலிருக்கும் போர்டாஸ் டு சோல் மேடையிலிருந்தோ கீழே பார்த்தால் ஓட்டுக்கூரைகள் படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்குவது தெரியும். டேகஸ் அங்கே ஆறு மாதிரியே இருக்காது, கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அந்த ஒரு காட்சிக்காக அதிகாலையில் எழுந்தது ஒருநாளும் வீணாகவில்லை.

அங்கேயே தங்குவது வேறு விஷயம். எங்களுக்குக் கிடைத்த வீடு நான்காம் மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. அந்தக் கட்டடத்துக்கு வரவே அறுபது எழுபது கற்படி ஏற வேண்டும். டாக்சி கீழே கோவில் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதற்கு மேல் பெட்டியைத் தலையில் வைக்காத குறைதான். இரவு பக்கத்து உணவகத்தில் ஃபாடோ என்னும் லிஸ்பனின் சோகப் பாட்டைப் பாடுவார்கள். நள்ளிரவு வரை ஜன்னல் வழியாக வரும். எங்களுக்கு அது சந்தோஷம்தான். கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு அப்படி இருக்குமா என்று தெரியவில்லை. காலை பத்தரைக்கு மேல் நிலைமை மாறிவிடும். சான்டா அப்போலோனியா பக்கம் சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் கொடி பிடித்த வழிகாட்டிகளுக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக ஏறி வருவார்கள். நீங்கள் தங்கியிருக்கும் சந்திலிருந்து வெளியே வரவே பொறுமை வேண்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அல்ஃபாமாவில் பல வீடுகள் சுற்றுலா வாடகைக்கு மாறியதால், தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வேறு பகுதிகளுக்குப் போக நேர்ந்தது. 2018-இல் நகராட்சி அல்ஃபாமா, மொராரியா, பைரோ ஆல்டோ பகுதிகளில் புதிய சுற்றுலா வாடகை வீடுகளுக்கான பதிவை நிறுத்திவைத்தது. நாம் தங்கிய வீட்டிலும் ஒரு குடும்பம் இருந்திருக்கும் என்பது எனக்கு முதல் பயணத்தில் தோன்றவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி கையைக் காட்டி, அங்கே இன்னார் இருந்தார், இங்கே இன்னார் இருந்தார் என்று சைகையில் எண்ணிக்காட்டியபோதுதான் உறைத்தது. அல்ஃபாமாவில்தான் தங்குவேன் என்றால் பதிவு எண் உள்ள வீடாகப் பாருங்கள். விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரவு பத்து மணிக்கு மேல் சக்கரப் பெட்டியைக் கற்படிகளில் இழுக்காதீர்கள். மொத்தச் சந்துக்கும் கேட்கும்.

அல்ஃபாமா தொடங்கும் இடத்தில், பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு கோவில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அதைத் தவறவிடக் கூடாது. உவரியிலும் கச்சத்தீவிலும் கொழும்புக் கொச்சிக்கடையிலும் நாம் கும்பிடுகிற பதுவை அந்தோணியார் பதுவையில் பிறந்தவர் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் லிஸ்பனில் பிறந்தவர். அவர் பிறந்ததாகச் சொல்லும் இடத்தில்தான் இந்தக் கோவில். நிலவறைக்குள் இறங்கிப் பார்க்கலாம். லிஸ்பன்காரர்களுக்கு அவர் பதுவைக்காரர் இல்லை, தங்கள் ஊர்ப் பிள்ளை. ஜூன் 12 இரவும் 13-ஆம் தேதியும் அவருக்குத் திருவிழா. அல்ஃபாமா முழுவதும் தெருவிலேயே அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள்; துளசி இனத்துச் செடி ஒன்றைச் சிறு தொட்டியில் வைத்து, காகிதப் பூவும் நாலு வரிக் கவிதையும் செருகி, மனதுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பார்கள். அந்த இரண்டு நாளும் அல்ஃபாமாவில் தூக்கம் கிடையாது. விழாவுக்காகவே போகிறவர்கள் அங்கே தங்கலாம், மற்றவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து பைஷா. பெயருக்கே ‘தாழ்வான பகுதி’ என்றுதான் பொருள். பூகம்பத்துக்குப் பின் மன்னரின் அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆணையில், மனுவேல் டா மாயா, எவுஜெனியோ டோஸ் சான்டோஸ், கார்லோஸ் மார்டெல் ஆகிய பொறியாளர்கள் கோடு போட்டாற்போல் நேர்த்தெருக்களாக இதைக் கட்டினார்கள். சுவருக்குள் மரச்சட்டங்களைக் கூண்டு போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி, பூகம்பத்தில் கட்டடம் அசைந்துகொடுக்கும்படி செய்தார்கள். தெருக்களுக்குத் தொழில்களின் பெயர்: தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர்கள் தெரு. கடைசித் தெருவின் பெயர் ருவா டோஸ் சப்பதேரோஸ். யாழ்ப்பாணத்தில் இன்றும் சப்பாத்து என்கிறோமே, அதே சொல்தான்.

அம்மாவுக்கு இந்தச் சொல் விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்காரம்மா சாவியை நீட்டி ‘ஷாவ்’ என்றார்; அம்மா ‘சாவி’ என்றார். ஜனேலா என்றால் ஜன்னல், மேஸா என்றால் மேசை, அர்மாரியோ என்றால் அலமாரி, துவால்யா என்றால் துவாலை. ஒரு வார்த்தை போர்த்துகீசியம் படிக்காத அம்மா அரை மணி நேரத்தில் வீட்டில் பாதிப் பொருளுக்குப் பெயர் சொல்லிவிட்டார். நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கப்பலில் கொண்டுவந்து நம்மிடம் விட்டுப்போன சொற்கள் அவை.

பைஷாவின் முதல் நன்மை அதன் சமதரை. ரோசியோ சதுக்கத்திலிருந்து ஆற்றங்கரைச் சதுக்கம் வரை ஏற்றமே இல்லை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வரலாம். சிவப்புத் தடத்தில் ஏறி அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியோ அல்லது பைஷா-ஷியாடோ நிலையத்தில் இறங்கலாம். இரண்டாவது நன்மை அவ்வளவாக யாருக்கும் தெரிவதில்லை: இங்கிருந்து குன்றுகளுக்கு மேலே போக லிஃப்ட்டும் நகரும் படிக்கட்டும் இருக்கின்றன. ருவா டோஸ் ஃபாங்கேரோஸ் தெருவில் சாதாரணக் கட்டடம் போல் இருக்கும் ஒரு வாசலுக்குள் நகராட்சியின் இலவச லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறி மேல்தெருவில் இறங்கி, கொஞ்சம் நடந்தால் ஒரு கார் நிறுத்துமிடக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட். அது கோட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து அல்ஃபாமா முழுவதும் இறக்கம்தான். அம்மாவை அப்படித்தான் அழைத்துப்போனேன்: மேலே லிஃப்ட்டில், கீழே மெதுவாக நடந்து, நடுவில் நான்கு இடத்தில் உட்கார்ந்து. ஏறிப் பார்த்திருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்போம்.

ஆற்றங்கரையில் இருக்கும் பிராஸா டு கொமேர்சியோ சதுக்கத்தை உள்ளூர்க்காரர்கள் இன்னமும் ‘அரண்மனை முற்றம்’ என்றுதான் சொல்கிறார்கள். பூகம்பம் வரை மன்னரின் அரண்மனை அங்கேதான் இருந்தது. இந்திய வணிகத்தை நடத்திய காசா டா இந்தியா என்ற அலுவலகமும் அங்கேதான் இருந்தது. மலபார்க் கரையிலிருந்து வந்த மிளகின் கணக்கெல்லாம் அங்கே எழுதப்பட்டது. எல்லாம் அன்று அழிந்தது. இதே நகரத்தில் 1554-இல்தான் தமிழ் மொழியின் முதல் அச்சுப் புத்தகம் வெளிவந்தது. எழுத்து ரோமன் எழுத்து, மொழி தமிழ், விஷயம் கிறிஸ்தவ மறைக்கல்வி. சதுக்கத்தின் ஓரத்தில் பளிங்குப் படிகள் ஆற்றுக்குள் இறங்கும், இருபுறமும் ஒவ்வொரு தூண். மாலையில் அங்கே உட்காருங்கள். அலை படியில் மோதிக்கொண்டே இருக்கும்.

குறையும் இருக்கிறது. நடுத் தெருவான ருவா அகுஸ்டாவில் உணவகங்களின் வாசலில் ஆட்கள் நின்று படம் போட்ட மெனுவை நீட்டிக் கூப்பிடுவார்கள். அங்கே சாப்பிட வேண்டாம். இரண்டு தெரு தள்ளி, மதியத்தில் அலுவலக ஊழியர்கள் நின்று சாப்பிடும் சிறு கடைகளைப் பாருங்கள். விலையும் குறைவு, சூப்பும் சூடாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கால்டு வெர்டே என்ற கீரை சூப் பார்வைக்குச் சைவம், ஆனால் ஒரு துண்டு பன்றி இறைச்சித் தொத்திறைச்சி போட்டுத்தான் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள். அப்புறம், பைஷாவில் குடியிருப்பவர்கள் குறைவு. கடை அடைத்த பிறகு அல்ஃபாமாவின் வாசல் நாற்காலியும் பேச்சுச் சத்தமும் இங்கே இருக்காது. அதற்காகத்தான் பகலை அங்கே கழிக்கச் சொல்கிறேன்.

ஷியாடோ பைஷாவுக்கு மேற்கே உயரத்தில் இருக்கிறது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் பைஷாவைவிட இங்கே தங்குவது நல்லது என்பேன். பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்துக்குக் கீழே ஒரு வாசல், மேலே ஒரு வாசல். கீழ்வாசலில் நுழைந்து நீளமான நகரும் படிக்கட்டுகளில் ஏறினால் மேல்வாசலில் கவிஞர் பெசோவாவின் வெண்கலச் சிலைக்குப் பக்கத்தில் வெளியே வரலாம். 1732-இல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக் கடை, இன்றும் நடக்கும் புத்தகக் கடைகளில் உலகிலேயே பழையது, இரண்டு நிமிஷ நடையில் இருக்கிறது. 1988 ஆகஸ்டில் பெரும் தீ இந்தப் பகுதியின் பழைய அங்காடிகளை அழித்தது. அல்வாரோ சிசா என்ற கட்டடக் கலைஞர் முகப்புகளைக் காப்பாற்றி உள்ளே புதிதாகக் கட்டினார். 1755-இல் கூரை விழுந்த கார்மோ மடத்துக் கோவிலை மட்டும் இன்றும் கூரையில்லாமல் வைத்திருக்கிறார்கள். வளைவுகளுக்கு மேலே ஆகாயம். அதன் வாசலில் உள்ள சின்னச் சதுக்கத்தை ஒட்டிய காவல்படை முகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் தலைவர் மார்செலோ கயெடானோ, கிளர்ந்தெழுந்த ராணுவத்தினர் சூழ்ந்து நிற்க, ஜெனரல் ஸ்பினோலாவிடம் பணிந்தார்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் சாவ் ரோக் என்ற ஜெசுயிட் கோவில். வெளியே ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும்; உள்ளே தங்கமும் நீலக்கல்லுமாகக் கண் கூசும். நான் அதிக நேரம் நின்றது அதன் பக்கவாட்டு அறையில். சவேரியாரின் வாழ்க்கையை 1619-இல் ஆண்ட்ரே ரைனோசோ வரைந்த ஓவியங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. 1541-இல் இதே லிஸ்பனிலிருந்து கப்பலேறிய சவேரியார், அடுத்த வருஷம் முத்துக்குளித்துறையில் மணப்பாட்டுப் பக்கம் பரதவர்களிடையே நடந்துகொண்டிருந்தார். அவர் புறப்பட்ட ஊரில் நின்று அவர் கதையைப் பார்ப்பது, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

அங்கிருந்து தெருவைக் கடந்தால் பைரோ ஆல்டோ. நள்ளிரவு தாண்டி தெருவில் நின்று குடித்துப் பேசுகிற இடம். இருபத்தைந்து வயது நண்பர் கூட்டத்துக்குச் சரி. தூங்க வேண்டும் என்பவர்கள் அறை எடுக்க வேண்டாம். பகலில் நடந்து பார்க்க அழகான தெருக்கள். முன்பெல்லாம் கீழிருந்து இங்கே வர குளோரியா இழுவை ரயிலில் ஏறுவார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று அது தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள். மற்ற இழுவை ரயில்களையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். ஆகவே இழுவை ரயிலை நம்பி இந்தப் பக்கம் அறை எடுக்காதீர்கள். மெட்ரோவின் நகரும் படிக்கட்டே போதும்.

மொராரியாவைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1147-க்குப் பிறகு தோற்ற மூர்களைக் கோட்டைக்கு வெளியே, குன்றின் நிழல் விழும் சரிவில் குடியிருக்க விட்டார்கள். அதனால் இந்தப் பெயர். ஃபாடோவின் முதல் பெரிய பாடகியாகச் சொல்லப்படும் மரியா செவேரா இங்கேதான் கப்பெலாவ் தெருவில் வாழ்ந்து, 1846-இல் இருபத்தாறு வயதில் இறந்தார். சாப்பாட்டு விடுதிகளில் காசு கொடுத்துக் கேட்கும் ஃபாடோவுக்கு முந்தைய ஃபாடோ இந்தச் சந்துகளுடையது. இன்று கீழே மார்டிம் மோனிஸ் சதுக்கத்தைச் சுற்றி வங்காளதேசம், நேபாளம், இந்தியா, சீனா, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களின் கடைகள். பென்ஃபொர்மோசோ தெருவில் நடந்தால் மசாலா வாசனையே வழிகாட்டும். பருப்பு, அரிசி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். நான்கு நாள் ரொட்டியும் மீனுமாகச் சாப்பிட்டு அலுத்த அம்மா, இங்கே ஒரு தட்டுச் சோறும் பருப்பும் கிடைத்தபோது பேசவே இல்லை, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஒரு வாரத்துக்கு மேல் தங்கி வீட்டிலேயே சமைக்கப் போகிறவர்களுக்கு மொராரியாவின் கீழ்ப்பகுதி நல்ல தேர்வு; வாடகையும் மற்ற மூன்றைவிடக் குறைவாக இருந்தது. மேலே போகப்போக இங்கேயும் படிக்கட்டுதான்.

28-ஆம் எண் மஞ்சள் டிராம் மார்டிம் மோனிஸிலிருந்துதான் கிளம்புகிறது. பகல் பத்து மணிக்கு அங்கே வரிசை சதுக்கத்தையே சுற்றி நிற்கும். காலை ஏழரைக்குப் போனால் உட்கார்ந்து போகலாம். கூட்டமான டிராமில் பர்ஸ் திருடுவது அங்கே வழக்கம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடைபாதை எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லும் பதித்தது. மழை பெய்தால் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். ரப்பர் அடி வைத்த செருப்பு இல்லாமல் எந்தப் பகுதியிலும் தங்காதீர்கள். அறை வாடகைக்கு மேல் நகராட்சியின் சுற்றுலா வரியும் உண்டு; ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆளைப் பொறுத்துச் சொல்கிறேன். பெற்றோரோ சிறு குழந்தையோ கூட வந்தால் பைஷா, அதுவும் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு உறுதிசெய்த பிறகு. நூற்றாண்டுகள் பழைய கட்டடங்கள், கேட்காவிட்டால் ஐந்தாம் மாடிக்கு நடந்துதான் ஏற வேண்டும். முதுகுப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வருகிற இளம் தம்பதி, நான்கு இரவுக்கு மேல் இருக்கிறார்கள் என்றால் அல்ஃபாமா. ஆனால் ஆற்றை ஒட்டிய கீழ் விளிம்பில், ஃபாடோ அருங்காட்சியகம் பக்கம் பாருங்கள். ஆற்றோரச் சாலை பக்கத்திலேயே இருப்பதால் டாக்சி அருகில் வரும். வசதி உள்ளவர்களுக்கு ஷியாடோ. நீண்ட நாள் தங்கி, கையில் கரண்டியோடு வாழப் போகிறவர்களுக்கு மொராரியா.

இரண்டே இரவுதான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பைஷா. முதல் நாள் காலை ஏழு மணிக்கே லிஃப்ட்டில் மேலே போய், அல்ஃபாமா வழியாக இறங்கி, பத்து மணிக்குள் அந்தோணியார் கோவிலில் இருங்கள். மதியம் மொராரியாவில் சோறு. மாலை ஷியாடோ. மறுநாள் சாயங்காலம் காய்ஸ் டு சோட்ரே துறையிலிருந்து எதிர்க்கரை கசில்யாஸுக்குப் படகு ஏறுங்கள். பத்து நிமிஷப் பயணம். போகும்போது பின்பக்கம் நின்றுகொண்டால் மேற்கு வெயில் பட்டு, வலதுபக்கக் குன்றில் கோட்டையும் அல்ஃபாமாவும், இடதுபக்கம் ஷியாடோவும், நடுவில் தாழ்ந்து கிடக்கும் பைஷாவும் ஒரே பார்வையில் தெரியும். அம்மா அந்தப் படகில்தான் கையை நீட்டி, நாம் இருக்கிற வீடு அந்தப் பள்ளத்தில்தானே என்று கேட்டார்.